ஆஃப்-ரோடு வண்டியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அளவுமீறிச் சூடானால்: காரணம் காண்பதும் சரிசெய்வதும்

சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த வாயுவை முதலில் வாங்கிக்கொள்ளும் பாகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. அது சூடாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகவே அதை வார்ப்பிரும்பிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்கிறார்கள். ஆகவே பானெட்டைத் திறந்ததும் முகத்தில் அனல் அடிக்கிறது என்பதை மட்டும் வைத்துக் கோளாறு என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் சமதரையில், ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், ஐட்லிங்கில் நிற்கும் வண்டியின் மேனிஃபோல்டு இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால், அதைக் கண்டும் காணாமல் விட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது, அந்தக் கோட்டைத் தாண்டிய வண்டியில் எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பவற்றையே இங்கே விளக்குகிறேன்.

என் உறுதியான கருத்து ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வெப்பம் எதனால் கூடியது என்று கண்டுபிடிக்கும் முன்னர் மேனிஃபோல்டின் மேல் வெப்பத்தடுப்பு நாடாவைச் சுற்றவே கூடாது. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் கம்பளியைப் போர்த்திவிடுவது போன்ற வேலை அது. ஆஃப்-ரோடு வண்டிகளில் இந்தத் தவறு மிகப் பரவலாக நடப்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

எது இயல்பு, எது மீறல்

பெட்ரோல் எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கும்போது வெளியேறும் வாயு 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள சில எஞ்சின்களில் அதற்கும் மேலே போகும். டீசல் எஞ்சினில் ஐட்லிங்கின்போது 150 முதல் 200 டிகிரி, சமதரையில் சீராக ஓடும்போது 300 முதல் 450 டிகிரி என்பது வழக்கமான அளவு. டீசலில் டர்போவுக்கு முன்னால் அளக்கும் வெப்பநிலை தொடர்ச்சியாக 700 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. வண்டியின் கையேட்டில் வேறு வரம்பு தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இவை வாயுவின் வெப்பநிலை என்பதையும் மறக்கக் கூடாது. மேனிஃபோல்டின் வெளிப்பரப்பு எப்போதும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கையில் கருவி இல்லாதபோது உலோகத்தின் நிறமே ஓரளவுக்கு வழிகாட்டும். நல்ல இருட்டில் ஏறக்குறைய 500 முதல் 550 டிகிரியில் மிக மங்கிய சிவப்பு தெரியத் தொடங்கும். 650 முதல் 700 டிகிரியில் அது கருஞ்சிவப்பாகும். 750 டிகிரிக்கு மேல் தெளிவான செந்நிறமாகும். 900 டிகிரியைத் தாண்டினால் ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். பகல் வெளிச்சம் இந்த மங்கிய நிறங்களை மறைத்துவிடும் என்பதால், வெயிலிலேயே சிவப்பு தெரிகிறது என்றால் உலோகம் மிகவும் மோசமான சூட்டில் இருக்கிறது என்று பொருள்.

டர்போ பொருத்திய பெட்ரோல் வண்டி நீண்ட ஏற்றம் ஒன்றை முழு ஆக்சிலரேட்டரில் ஏறி முடித்தவுடன் மேனிஃபோல்டு கருஞ்சிவப்பாகத் தெரிவது இயல்பாகவே நடக்கக்கூடியது. சுமை இறங்கியதும் சில நிமிடங்களுக்குள் அந்த நிறம் மறைந்துவிட வேண்டும். மறையாமல் நின்றாலோ, சுமையே இல்லாதபோது தோன்றினாலோ, சிலிண்டருக்கு ஒன்றாகப் பிரியும் நான்கு கிளைகளில் ஒன்று மட்டும் தனியாகச் சிவந்தாலோ, அருகிலுள்ள ஒயர்களும் ரப்பர் ஹோஸ்களும் உருகிச் சுருங்கினாலோ, கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியைவிடக் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு இந்தச் சிக்கல் ஏன் அதிகம் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. மணலிலும் சேற்றிலும் எஞ்சின் முழு மூச்சில் உழைக்கிறது. வண்டியோ நடக்கும் வேகத்தில்தான் நகர்கிறது. முன்னாலிருந்து வேகமாக வந்து மோதும் காற்று இல்லாததால் பானெட்டுக்குள் சேர்ந்த அனல் அங்கேயே தங்குகிறது. ரேடியேட்டரிலும், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் சேறு அப்பிக்கொள்கிறது. பெரிய டயர் போட்டிருந்தால் கியர் விகிதம் நடைமுறையில் உயர்ந்துவிடுவதால், அதே ஏற்றத்துக்கு எஞ்சின் இன்னும் அதிகம் திணறுகிறது. போதாக்குறைக்கு, பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்பின் மேல் ஓடையின் குளிர்ந்த நீர் தெறிக்கிறது.

அந்த இரும்பு படும் பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் வெப்பநிலை 600 டிகிரி உயரும்போது அது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீள்கிறது. அது பொருத்தப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), கூலண்ட்டின் தயவால் 100 டிகிரிக்கு அருகிலேயே இருப்பதால், ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீள்கிறது. மீதி இரண்டரை மில்லிமீட்டரை, இடையில் கசிவைத் தடுக்க வைத்த கேஸ்கெட்டின் மேல் வழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். மேனிஃபோல்டை ஹெட்டோடு பிணைக்கும் மரையாணிகளான ஸ்டட்களில் ஓரத்தில் இருப்பவை முதலில் முறிவதும், மேனிஃபோல்டு வில்லாக வளைவதும் இதனால்தான்.

வழியிலேயே சிவந்து கண்டால்

முதலில் எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். சத்தம் சீராக இருந்து, கடும் உழைப்பால் மட்டும் சூடேறியிருந்தால், காய்ந்த புல்லோ சருகோ இல்லாத வெற்றுத் தரையில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட வேண்டும். உடனே சாவியைத் திருப்பி அணைத்தால் டர்போவுக்கு ஆயில் ஓட்டம் நின்று, அதன் பேரிங்கில் தேங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். மாறாக, எஞ்சின் தடதடவென்று ஒழுங்கற்று ஓடினாலோ, செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினாலோ, அது மிஸ்ஃபையர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. அப்போது எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் மேனிஃபோல்டுக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கும் போய் அங்கே எரிந்துகொண்டிருப்பதால், ஐட்லிங்கில் விடும் ஒவ்வொரு நிமிடமும் சூட்டைக் கூட்டத்தான் செய்யும்.

எந்த நிலையிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது. சிவந்த வார்ப்பிரும்பில் தண்ணீர் பட்டால் அது பிளக்கும். எழும் நீராவி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். பானெட்டைத் திறந்து காற்றில் ஆறவிடுவதே போதுமானது. வண்டிக்கு அடியில் குனிந்து, அடிப்பாகத்தைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டுக்கு மேலே சருகும் புல்லும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வு கவரிலிருந்து கசியும் ஆயில் மேனிஃபோல்டின் மேல் சொட்டிய தடமும், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது கியர் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ வழிந்த தடமும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வண்டி தீப்பிடிக்கும் சம்பவங்களில் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன. உலர் தூள் தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்பக்கச் சாமான்களுக்கு அடியில் புதைந்திருப்பது இல்லாததற்குச் சமம்.

முதலில் அளந்து பாருங்கள்

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓடியபின், ஒவ்வொரு சிலிண்டரின் கிளையிலும் ஹெட்டிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் குறிவைத்து அளவெடுக்க வேண்டும். அளவுகள் 210, 205, 90, 215 என்று வந்தால், மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது அதன் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. எல்லாமே ஒரே சீராக அதிகமாக இருந்தால், டைமிங், பம்ப், அடைப்பு என எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான காரணத்தைத் தேட வேண்டும். தேடலை இப்படி இரண்டாகப் பிரித்துத் தருவதுதான் இந்த அளவீட்டின் பெரிய பயன். ஓரத்துக் கிளைகளுக்கும் நடுக்கிளைகளுக்கும் இயல்பாகவே சிறு வேறுபாடு இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தக் கருவி துருப்பிடித்த வார்ப்பிரும்பில் ஏறக்குறைய சரியாகவே காட்டும். பளபளப்பான எஃகுக் குழாயில் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். எஃகுக் குழாயாக இருந்தால், அளக்கும் இடங்களில் வெப்பம் தாங்கும் மங்கலான கருப்புப் பெயிண்ட்டைப் பொட்டுப் போல வைத்து, அந்தப் பொட்டின் மேலேயே குறிவைக்க வேண்டும்.

டீசல் வண்டியை அடிக்கடி மலைக்கும் மணலுக்கும் கொண்டுபோகிறவர்கள் எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலையைக் காட்டும் பைரோமீட்டர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்திக்கொள்வதை நான் வற்புறுத்துவேன். அதன் வெப்ப உணரியான கே வகைத் தெர்மோகப்புள், மேனிஃபோல்டின் கிளைகள் ஒன்றுசேரும் இடத்தில், டர்போவுக்கு முன்னால், முனை வாயு ஓட்டத்தின் நடுவில் இருக்கும்படி பொருத்தப்பட வேண்டும். டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால் சுமையின்போது 100 முதல் 200 டிகிரி வரை குறைத்துக் காட்டும். அந்த வேறுபாடு நிலையானதும் அல்ல. துளையிடுவதற்கு மேனிஃபோல்டைக் கழற்றிவிடுவதே முறை. வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் இரும்புத் துகள் ஒன்று போதும், டர்போவின் சக்கரத்தைச் சிதைத்துவிடும்.

பெட்ரோல் வண்டியில் எதைத் தேடுவது

பெட்ரோல் எஞ்சினில் முதல் சந்தேகம் ஸ்பார்க் விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கின் மேல் விழ வேண்டும். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால், எரிப்பு பிஸ்டனைத் தள்ளி முடிப்பதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டனுக்குப் போக வேண்டிய வெப்பம் மேனிஃபோல்டுக்குப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் டைமிங் லைட்டை வைத்துக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அதோடு, எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டும் வேக்வம் அட்வான்ஸின் ஹோஸைக் கழற்றி, வாயால் உறிஞ்சிப் பாருங்கள். நாக்கை வைத்து அடைத்ததும் அழுத்தம் நிற்க வேண்டும். காற்று வந்துகொண்டே இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. இந்தச் சின்ன ரப்பர் பாகம் கிழிந்ததால் மட்டுமே மேனிஃபோல்டு சூடாகும் வண்டிகள் உண்டு.

புதிய வண்டிகளில் டைமிங்கைக் கையால் மாற்ற முடியாது. ஆனால் எஞ்சினின் கணினியான ஈசியூவே அதைத் தாமதப்படுத்தும். பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை எஞ்சின் உள்ளிழுக்கிறது; அதனால் கலவை தானாகவே வெடித்தாற்போல் எரியும் நாக்கிங் வருகிறது; நாக் சென்சாரின் பேச்சைக் கேட்டு ஈசியூ டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது; அதனால் மேனிஃபோல்டு இன்னும் சூடாகி, பானெட்டுக்குள் காற்று இன்னும் கொதிக்கிறது. இந்தச் சுழலை உடைக்க, ஏர் இன்டேக் வெளிக்காற்றைத்தான் இழுக்கிறதா, அதன் குழாய் எங்காவது கழன்று எஞ்சின் அறையின் அனலை இழுக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கையேட்டில் சொன்ன ஆக்டேன் அளவுக்குக் குறைவான பெட்ரோலும் இதே சுழலைத் தொடங்கிவைக்கும்.

அடுத்தது கலவை. முழுச் சுமையில் எஞ்சின் வழக்கமாகச் சற்று ரிச்சான, அதாவது பெட்ரோல் கூடுதலான, கலவையில் ஓடும்; உபரியாக வரும் பெட்ரோல் வெப்பத்தை உறிஞ்சி வாயுவைக் குளிர்விக்கிறது. ஃபியூவல் ஃபில்டர் அடைத்தாலோ, பம்ப் தளர்ந்தாலோ, அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை. சமதரையில் நன்றாக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்கேனரைச் செருகி ஃபியூவல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) அளவைப் பார்த்தால், அது கூட்டலில் 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்போது எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவு இருந்தால், வாயு வெளியே வருவது மட்டுமின்றி, இரண்டு துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுக் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்று தவறாகச் சொல்ல, ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். கூட்டிய பெட்ரோல் உள்ளே வந்த காற்றோடு சேர்ந்து எக்ஸாஸ்ட்டுக்குள்ளேயே எரியும். எனவே டிரிம் எண்ணை நம்பி இன்ஜெக்டரை மாற்றும் முன் கசிவைத் தேடுங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்டு, சூடேறியதும் அது மறைந்தால், கசிவு இருப்பது ஏறக்குறைய உறுதி. டார்ச் அடித்துப் பார்த்தால், மேனிஃபோல்டு ஹெட்டோடு பொருந்தும் தட்டை முகமான ஃபிளாஞ்சின் விளிம்பிலிருந்து ஹெட்டின் மேல் விசிறி விரிந்தாற்போல் ஒரு கரிக்கோடு தெரியும். அதன் குறுகிய முனை கசியும் இடத்தையே சுட்டிக்காட்டும்.

மிஸ்ஃபையரைப் பொறுத்தவரை, ஓடையில் இறங்கி ஏறிய வண்டிகளில் ஸ்பார்க் பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருப்பதை முதலில் பாருங்கள். பிளக், காயில், காயிலின் ரப்பர் உறை ஆகியவை அடுத்தவை. எக்ஸாஸ்ட் வால்வின் கிளியரன்ஸ் (இடைவெளி) இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாமல் தீயை மேனிஃபோல்டுக்குள் கசியவிடும்; கேஸுக்கு மாற்றிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இது விரைவில் வரும். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தால் அந்தச் சிலிண்டர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டீசலில் கணக்கு வேறு

பெட்ரோலில் எரிபொருள் குறைந்தால் சூடு கூடும். டீசலில் எரிபொருள் கூடினால்தான் சூடு கூடும். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டு சூடாகிறது என்றால், உள்ளே போகும் காற்றுக்குப் பொருந்தாத அளவுக்கு டீசல் போகிறது என்பதே பெரும்பாலான நேரங்களில் விடை. கரும்புகை அதன் வெளிப்படையான அடையாளம்.

காற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குவது செலவில்லாத வழி. புழுதியில் ஒரு நாள் ஓடினாலே ஏர் ஃபில்டர் அடைத்துவிடக்கூடும். உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயின் முகப்பில் சேரும் இலைகளையும் பார்க்க வேண்டும். பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ஹோஸ்களைக் கிளாம்ப் கிளாம்பாகத் தடவிப் பாருங்கள். குலுங்கும் பாதையில் கிளாம்ப் தளர்ந்து, அழுத்தமேற்றிய காற்று வெளியே போய்விடும். அந்த இடத்தில் ஈரமான ஆயில் பூச்சும் அதில் ஒட்டிய புழுதியும் இருக்கும். எரிந்த வாயுவில் ஒரு பங்கை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டால், புதுக்காற்றுக்குப் பதிலாக எரிந்த வாயுவே திரும்ப உள்ளே போகிறது. டர்போவின் வேன் (வாயுவைத் திருப்பும் சிறு தகடுகள்) அல்லது வேஸ்ட்கேட் (உபரி வாயுவை விலக்கிவிடும் கதவு) மாட்டிக்கொண்டிருப்பதும் டர்போ தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் குறைக்கும்.

காற்று சரியாக இருந்தால் எரிபொருள் பக்கம் வர வேண்டும். சொட்டும் இன்ஜெக்டர், தாமதமான இன்ஜெக்ஷன் டைமிங், பம்ப்பின் திருகைத் திருப்பிக் கூட்டிய டீசல், சக்தியைக் கூட்டுவதற்காக ஈசியூவில் ஏற்றிய மாற்று மென்பொருளான ரீமேப் ஆகியவை இங்கே சந்தேகத்துக்குரியவை. ரீமேப் செய்தபிறகுதான் சூடு தொடங்கியது என்றால், வேறு எதையும் கழற்றும் முன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பார்த்துவிடுங்கள். சாலையில் சில நொடிகள் முந்திச் செல்வதற்குப் பொருத்தமான டியூனிங், மணலில் பத்து நிமிடம் தொடர்ந்து இழுக்கும்போது மேனிஃபோல்டைப் பிளந்து, பிஸ்டனையும் உருக்கிவிடக்கூடும்.

உயரமும் கணக்கில் வரும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடுகிறது. உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் அமைப்பு இல்லாத பழைய எஞ்சின்களில் அதே ஆக்சிலரேட்டருக்குச் சூடு மிகவும் கூடும். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய வண்டியில், சேர்ந்த கரியை எரித்து நீக்கும் ரீஜெனரேஷன் நடக்கும்போது ஃபில்டருக்குள் 600 டிகிரி வரை எழுவது இயல்பு; அது கோளாறு அல்ல, ஆனால் அந்த நேரத்தில் காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது.

வெளியேறும் வழி அடைத்திருந்தால்

பாறையில் உரசி நசுங்கிய சைலன்சர் குழாய், புகைக்குழாய் முனையில் அடைத்த சேறு, உள்ளே உடைந்து நொறுங்கிய கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஆகிய மூன்றும் வாயுவைத் தேக்கி மேனிஃபோல்டைக் காயவைக்கும். குழாயின் குறுக்களவு கால் பங்குக்கு மேல் நசுங்கியிருந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுவதே நல்லது. கன்வர்ட்டரை ஆறியபின் ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஓசை வந்தால் அதன் உட்கூடு உடைந்துவிட்டது.

பெட்ரோல் வண்டியில் இதை உறுதிசெய்ய, முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தி, எஞ்சினை 2,500 ஆர்பிஎம்மில் பிடிக்க வேண்டும். முள் 0.2 பாருக்குக் கீழேயே நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது. கேஜ் இல்லாவிட்டால் வேக்வம் கேஜ் உதவும்: 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்திப் பிடிக்கும்போது முள் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கினால் வாயு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அடைத்த கன்வர்ட்டரை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடக் கூடாது. அதை அடைக்க வைத்த மிஸ்ஃபையரோ ஆயில் குடிக்கும் எஞ்சினோ சரிசெய்யப்படாவிட்டால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

மேனிஃபோல்டைக் கழற்றிப் பொருத்துவது

கசிவோ விரிசலோ உறுதியானால் கழற்றித்தான் ஆக வேண்டும். முதல் நாள் இரவே ஒவ்வொரு நட்டுக்கும் துரு இளக்கும் ஆயிலை விட்டு வையுங்கள். நட் அசையாவிட்டால் முதலில் இம்மியளவு இறுக்கும் திசையில் தள்ளி, பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் இளகும். அப்படியும் வராத நட்டைக் காஸ் டார்ச்சால் சூடாக்க வேண்டும்; அதற்கு முன் வழிந்த ஆயிலைத் துடைத்து, எரிபொருள் குழாய்களைக் காப்பாற்றி வைப்பது கட்டாயம். பலத்தைக் காட்டி முறித்த ஸ்டட்டை எடுக்கும் வேலை, நட்டைப் பொறுமையாகக் கழற்றும் வேலையைப் போலப் பலமடங்கு நேரம் பிடிக்கும்.

கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நேர்ச்சட்டத்தை நீளவாக்கில் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட வளைவு எவ்வளவு என்பதை அந்தந்த எஞ்சினின் கையேடு சொல்லும். மீறியிருந்தால் லேத் பட்டறையில் எல்லா முகங்களையும் ஒரே தளத்தில் வருமாறு சீவ வேண்டும். விரிசலைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் வெகுகாலமாக இருக்கும் எளிய முறை மண்ணெண்ணெயும் சுண்ணப்பொடியும்தான். சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தியபின் சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வந்து, வெள்ளைப் பொடியின் மேல் மயிரிழைபோல ஈரக்கோடு போடும். இரண்டு கிளைகள் பிரியும் கவட்டையையும், டர்போ பொருந்தும் ஃபிளாஞ்சையும் கூர்ந்து பாருங்கள். வார்ப்பிரும்பை வெல்டு வைப்பது முடியாத காரியம் அல்ல. ஆனால் முழுப் பாகத்தையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு கொண்டு வைத்து, மெதுவாக ஆறவிடும் திறமையுள்ளவர் கிடைத்தாலும், அது அடுத்த கடும் ஏற்றத்தில் பக்கத்திலேயே பிளக்க வாய்ப்புண்டு. புதிய மேனிஃபோல்டு கிடைக்குமானால் அதையே வாங்கச் சொல்வேன்.

பொருத்தும்போது புது கேஸ்கெட்டும் புது ஸ்டட், நட்டுகளும் போடுவது சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு. சிலிகான் பேஸ்ட் இந்த இடத்தில் எரிந்துபோகும். அதைத் தடவ வேண்டாம். மேனிஃபோல்டின் துளைகளில் பெரும்பாலானவை ஸ்டட்டைவிடப் பெரிதாக இருப்பது, உலோகம் நீளும்போது வழுக்குவதற்காகத்தான். ஆட்டம் இருக்கிறது என்று நினைத்து அவற்றில் புஷ் அடைத்துவிடக் கூடாது. நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, இரண்டு மூன்று சுற்றுகளாக, டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்க நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையைத் தடவினால், உலர்ந்த மரைக்கான டார்க் அளவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. வழுக்கும் மரை அதே அளவில் அதிகமாக இறுகிவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே பாருங்கள். எஞ்சின் மவுண்ட் கிழிந்திருந்தால், கரடுமுரடான பாதையில் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும், கீழே சேஸியில் கட்டப்பட்ட எக்ஸாஸ்ட் குழாய் நெம்புகோலாக மாறி மேனிஃபோல்டை நெம்பும். மவுண்டையும், குழாயின் ஹேங்கர் ரப்பரையும், நெளியும் இணைப்பையும் பார்க்காமல் விட்டால் புது கேஸ்கெட்டும் நிலைக்காது.

நாடா, பூச்சு, கவசம், காற்று

காரணம் நீங்கியபிறகு மிஞ்சும் வெப்பத்தைப் பக்கத்துப் பாகங்களிலிருந்து விலக்குவது பற்றி யோசிக்கலாம். கம்பெனி பொருத்திய தகடு கவசம் சடசடக்கிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அதைத் தேடியெடுத்துத் திரும்பப் பொருத்துவதுதான் முதல் வேலை. கவசத்துக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள காற்று இடைவெளிதான் உண்மையில் வெப்பத்தைத் தடுக்கிறது. எனவே இரண்டும் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

சுற்றும் நாடா பானெட்டுக்குள் அனலைக் குறைப்பது உண்மை. ஆனால் அது வெப்பத்தை உலோகத்துக்குள்ளேயே பூட்டிவைப்பதால் மேனிஃபோல்டு முன்னைவிடச் சூடாக ஓடும். சேற்றையும் தண்ணீரையும் உறிஞ்சிவைத்துக்கொண்டு எஃகை அரிக்கும். ஆயில் சொட்டினால் திரிபோல ஊறி எரியும். அடியில் விழும் விரிசலையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். ஆஃப்-ரோடு வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளும் புறமும் செய்யும் செராமிக் பூச்சு செலவு மிகுந்தது என்றாலும் இந்தக் குறைகள் இல்லாதது. ஒயர்களுக்கும் ஹோஸ்களுக்கும் அலுமினியம் பூசிய உறை மாட்டி, முடிந்தவரை விலக்கிக் கட்டிவிட வேண்டும்.

பானெட்டில் காற்றுத் துளை வெட்டுகிறவர்கள் இடத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டத்தின்போது விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அங்கே வெட்டினால் அனல் வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே புகும். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் அழுத்தம் குறைவு. துளைக்கு ஏற்ற இடம் அதுவே. வெட்டுவதற்கு முன், ரேடியேட்டர் இழைகளுக்குள் காய்ந்த சேற்றை உட்பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவி, ஃபேன் கவர் உடையாமல் இருக்கிறதா, விஸ்கஸ் ஃபேன் சூட்டில் இறுகிப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் இதற்குப்பின் துளையே தேவைப்படுவதில்லை.

ஓட்டும் முறையும் டிகிரிகளை மாற்றும். ஏற்றத்தில் உயர் கியரில் எஞ்சினைத் திணறவிட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவதைவிட, லோ ரேஞ்சுக்கு (குறைந்த வேகத்துக்கான கியர் அடுக்கு) மாறி ஆர்பிஎம்மைக் கூட்டி, பாதத்தைத் தளர்த்தினால், டீசலில் பைரோமீட்டர் முள் கண்ணெதிரே இறங்கும். அதே வேலைக்கு அதிகக் காற்று கிடைப்பதே காரணம். மணலில் டயர்க் காற்றைக் குறைப்பதும் உருளும் தடையைக் குறைத்து எஞ்சின் சுமையை இறக்கும். கடும் ஏற்றம் முடிந்த கையோடு ஓடையில் இறங்க வேண்டியிருந்தால், கரையில் சில நிமிடம் நின்று மேனிஃபோல்டு ஆறியபின் இறங்குங்கள்.

வேலை முடிந்ததும், பழுது தெரிந்த அதே ஏற்றத்தில், அதே சுமையுடன், அதே கியரில் ஓட்டி, ஏறி முடித்தவுடன் ஒவ்வொரு கிளையையும் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். சில முறை சூடேறி ஆறியபின், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த நிலையில், கையேடு அனுமதித்தால் நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். அப்போதே டார்ச் அடித்து, ஃபிளாஞ்ச் விளிம்புகளில் புதிதாகக் கரிக்கோடு விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.